ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? தகுதி, கேள்விகள், பரிசோதனைகள்: முழுமையான வழிகாட்டி

ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஆசையாகப் போய், ஊசி குத்துவதற்கு முன்பே "இன்றைக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு அது ஏன் என்றே தெரியாது. உடம்பில் என்னவோ கோளாறு என்று பயந்துகொண்டு அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். இதற்கு நேர் எதிராக, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று போன வாரம் சாப்பிட்ட மாத்திரையைப் பற்றி வாயே திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நடக்கக் கூடாது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த விதியைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது யாருக்குப் பாதுகாப்பு? கொடுக்கிற உங்களுக்கா, அதை ஏற்றிக்கொள்ளப் போகிற நோயாளிக்கா? வயது, எடை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், இரண்டு தானங்களுக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளி, இதெல்லாம் உங்களுக்காக. காய்ச்சல், தடுப்பூசி, பச்சை குத்தியது, பயணம், உடலுறவு பற்றிய கேள்விகள் எல்லாம் பெரும்பாலும் அந்த நோயாளிக்காக. இது பிடிபட்டுவிட்டால் படிவத்தில் இருக்கும் எந்தக் கேள்வியும் வம்புக்குக் கேட்பது போலத் தோன்றாது.

எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கொடையாளர் தேர்வுக்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. கீழே அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எங்கே பெரிதாக மாறுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன். கடைசி முடிவு நீங்கள் போகிற ரத்த வங்கியின் மருத்துவருடையது. இந்தக் கட்டுரையைக் காட்டி அவரோடு வாதாட வேண்டாம்.

படி 1: வயது, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி

இந்த மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். வயது பொதுவாக 18 முதல் 65 வரை. சில நாடுகளில் பெற்றோர் சம்மதத்தோடு 16, 17 வயதிலேயே கொடுக்கலாம். 60 வயதுக்கு மேல் முதல் முறையாகக் கொடுக்க வருகிறவர் என்றால் மருத்துவர் தனியாகப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ஏற்கெனவே தொடர்ந்து கொடுத்து வருகிறவருக்கு அந்தக் கெடுபிடி குறைவு.

எடையில்தான் நிறையப் பேர் சங்கடப்படுகிறார்கள். 350 மில்லி பைக்கு 45 கிலோ, 450 மில்லி பைக்கு 50 கிலோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உடம்பில் கிலோவுக்குச் சுமார் 65 முதல் 70 மில்லி ரத்தம் ஓடுகிறது, ஆக 50 கிலோ எடை உள்ளவரிடம் மொத்தமே மூன்றரை லிட்டர் இருந்தால் அதிகம். மொத்தத்தில் 13 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது வரம்பு. 450 மில்லியை எடுத்தால் அவர் அந்த விளிம்பில் நிற்கிறார். அதற்கும் கீழே எடை இருந்தால் தலைசுற்றி விழும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

"சரி, எனக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் முடியாது. பைக்குள் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான திரவத்தை முன்கூட்டியே அளந்து ஊற்றி வைத்திருக்கிறார்கள், 450 மில்லி பையில் 63 மில்லி, 350 மில்லி பையில் 49 மில்லி என்று. பாதி ரத்தம் மட்டும் எடுத்தால் அந்த விகிதம் கெட்டுப்போய், நீங்கள் கொடுத்தது பயன்படாமல் போய்விடும்.

இன்னொன்று, எடை சரியாக இருந்தாலும் உயரம் குறைவான, வயதில் இளைய பெண்களின் உடம்பில் ரத்த அளவு குறைவாக இருக்கலாம். அதனால் சில நாடுகளில் 20 வயதுக்குக் குறைந்த பெண்களிடம் உயரத்தையும் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்தது இடைவெளி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். இந்தியாவில் 90 நாள், 120 நாள். அமெரிக்காவில் 56 நாளிலேயே மறுபடி கொடுக்கலாம். குறைந்த இடைவெளி அனுமதிக்கிற இடத்தில் இருந்தாலும் அதை முழுசாகப் பயன்படுத்த வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. ஏனென்றால் எடுத்த திரவம் ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் திரும்பிவிடும், இரும்புச்சத்து மட்டும் அவ்வளவு சீக்கிரம் வராது. ஒரு பை ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்குச் சாதாரணமாக 1 முதல் 2 மில்லிகிராம்தான் உறிஞ்சும், அதிலும் பெரும் பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே போய்விடும். ஆகவே பழைய இருப்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகலாம். மாதவிடாய் இருக்கிற பெண்களுக்கு இன்னும் தாமதமாகும். அவர்களுக்கு இடைவெளி நீளமாக வைத்திருப்பது இதனால்தான், வேறு எந்தக் காரணமும் கிடையாது.

(பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை மட்டும் எடுப்பது வேறு கணக்கு. இயந்திரம் பிளேட்லெட்டைப் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி உடம்புக்குள் விட்டுவிடுவதால் இடைவெளி ரொம்பக் குறைவு.)

படி 2: கடந்த ஒரு வருடத்தைத் திருப்பிப் பாருங்கள்

போனிலோ ஒரு துண்டுக் காகிதத்திலோ குறித்துக்கொண்டு போங்கள். கடந்த 12 மாதத்தில் வந்த காய்ச்சல், அறுவை சிகிச்சை, பல் வைத்தியம், தடுப்பூசி, நாய்க்கடி, பச்சை குத்தியது, காது மூக்கு குத்தியது, வெளிநாட்டுப் பயணம், ரத்தம் ஏற்றிக்கொண்டது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு "எப்போ, பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா" என்று யோசிக்கும்போது தேதி தவறாக வந்துவிடும். இந்தப் படியில் தேதிதான் எல்லாமே.

சாதாரண சளி, காய்ச்சல் என்றால் முழுசாகக் குணமான பிறகு ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். வயிற்றுப்போக்கை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை, அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யெர்சினியா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. லேசான வயிற்றுக்கோளாறோடு வந்து போய்விடும், உங்களுக்கு மறந்தே போயிருக்கும். ஆனால் ரத்தப் பையை வைக்கிற 4 டிகிரி குளிரிலும் அது வளரும். சில வாரம் கழித்து அந்தப் பை ஒரு நோயாளிக்குப் போகும்போது அவர் உயிருக்கே ஆபத்தாகலாம். பிளேட்லெட் நிலைமை இன்னும் மோசம், அதைப் பொதுவாகக் குளிரில் வைப்பதில்லை என்பதால் 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, பொதுவாக 5 நாள் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் பல பாக்டீரியாக்கள் தாராளமாகப் பெருகும்.

பல் வைத்தியம் பற்றிக் கேட்பதும் இதே காரணத்துக்குத்தான். பல் சுத்தம் செய்யும்போதும் அடைக்கும்போதும் வாயில் இருக்கிற கிருமி கொஞ்ச நேரம் ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் சின்ன வேலைக்கு 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள், பல் பிடுங்கியிருந்தால் அதைவிட நீளும்.

மஞ்சள் காமாலை வந்தது என்று சொன்னாலே கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எந்த வகை என்று கேட்பார்கள். பிறந்த குழந்தையாக இருந்தபோது வந்தது கணக்கிலேயே வராது. ஹெபடைடிஸ் என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று; அதில் தண்ணீர், உணவு வழியாக வருகிற ஏ, ஈ வகை என்றால் குணமாகிப் பொதுவாக ஒரு வருடம் கழித்துக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் சி வந்தவர்களும் ஹெபடைடிஸ் பி உடம்பில் தங்கிவிட்டவர்களும் பெரும்பாலான இடங்களில் நிரந்தரமாகக் கொடுக்க முடியாது. பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள், அது இல்லாமல் "எப்பவோ வந்துச்சு" என்றால் மருத்துவர் பாதுகாப்பான பக்கம்தான் நிற்பார்.

மலேரியாவுக்கு சில நாடுகளில் குணமாகி 3 மாதம், சில நாடுகளில் 3 வருடம் என்று இருக்கிறது. அந்த ஒட்டுண்ணி ஒரு வகையில் கல்லீரலில் பதுங்கிக் கிடக்கும், சேமித்து வைத்த ரத்தத்திலும் சில நாட்கள் உயிரோடு இருக்கும். டெங்குவுக்கு இந்தியாவில் குணமாகி 6 மாதம்.

பச்சை குத்தியவர்களுக்கு 3 மாதம், 4 மாதம், 12 மாதம் என்று இடத்துக்கு இடம் வேறுபடும். பச்சையின் மையில் பிரச்சினை இல்லை, ஊசியில்தான். ஒருவருக்குக் குத்திய ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் இன்னொருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி பரவும். காது, மூக்கு குத்துவதற்கும் இதேதான். குறித்த காலம் தாண்டிவிட்டால் உடம்பு முழுக்கப் பச்சை இருந்தாலும் தடையில்லை.

தடுப்பூசிகளில் உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் செய்தவற்றுக்கு, உதாரணமாகத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசிகளுக்கு, சுமார் 4 வாரம். செயலிழந்த கிருமியால் செய்தவற்றுக்கு உடம்பு நன்றாக இருந்தால் காத்திருப்பு இல்லை அல்லது சில நாள்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கொஞ்சம் வேறு மாதிரி: போட்ட சில நாட்களுக்கு, நோய் இல்லாமலேயே பரிசோதனையில் நோய் இருப்பது போலக் காட்டலாம். வீண் பயம் வேண்டாம் என்றால் தேதியைச் சொல்லிவிடுங்கள். நாய்க்கடிக்குப் பிறகு போட்ட ஊசி என்றால் பொதுவாக ஒரு வருடம்.

பெரிய அறுவை சிகிச்சைக்கும், நீங்களே ரத்தம் ஏற்றிக்கொண்டதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பல இடங்களில் ஒரு வருடம். பிரிட்டனில் 1980-க்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கொடுக்கவே முடியாது, மாட்டுப் பித்து நோயோடு (மேட் கவ்) தொடர்புடைய மூளை நோய் ரத்தம் வழியாகப் பரவியதால் வந்த விதி அது. அதே நோய்க்காக பிரிட்டனில் வாழ்ந்தவர்களைப் பல வருடம் விலக்கி வைத்திருந்த அமெரிக்கா, 2022-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. முன்பு ஒருமுறை முடியாது என்று சொன்னதாலேயே இப்போதும் அப்படித்தான் என்று இருந்துவிட வேண்டாம், விதிகள் மாறுகின்றன.

படி 3: மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

பெயர் ஞாபகம் இல்லை என்றால் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை பற்றிய கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இந்த மருந்து நோயாளிக்குக் கெடுதலா, அல்லது இந்த மருந்தைச் சாப்பிட வைத்த நோய் தடையா?

ஆன்டிபயாடிக் இரண்டாவது வகை. தடையாக இருப்பது மருந்தைவிட, அதைச் சாப்பிட வைத்த தொற்றுதான். அதனால் கோர்ஸ் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள்.

முதல் வகைக்குச் சரியான உதாரணம், முகப்பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கக்கூடிய மருந்து. உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் அல்லவா, அதனால் நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கொடுக்கக் கூடாது. முடி உதிர்வதற்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் சாப்பிடுகிற ஃபினாஸ்டரைடுக்கும் அதே ஒரு மாதம், டூட்டாஸ்டரைடு என்றால் 6 மாதம். சொரியாசிஸுக்குக் கொடுக்கிற அசிட்ரெட்டின் உடம்பை விட்டுப் போக ரொம்பக் காலம் எடுக்கும், அதற்கு 3 வருடம் வரை. இளைஞர்கள் அதிகமாகச் சொல்லாமல் விடுவது இந்த முகப்பரு, முடி மாத்திரைகளைத்தான். அவர்கள் மறைப்பதில்லை, இதெல்லாம் ஒரு மருந்தா என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆஸ்பிரின் சாப்பிட்டால் பிளேட்லெட் ஒட்டும் திறனை இழந்துவிடும், அந்தப் பிளேட்லெட் சாகும்வரை திரும்ப வராது. முழு ரத்தம் கொடுக்கலாம், அதிலிருந்து பிளேட்லெட் மட்டும் பிரிக்க மாட்டார்கள். பிளேட்லெட் கொடுக்கவே போகிறீர்கள் என்றால் சில நாள் பொறுக்க வேண்டும். ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதற்கு என்று கொடுக்கிற வார்ஃபரின் மாதிரியான மாத்திரை சாப்பிடுபவர்கள் கொடுக்கக் கூடாது. ஒரு முக்கியமான விஷயம், ரத்தம் கொடுப்பதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

பிரஷர் மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கொடுக்கலாம். சுகர் மாத்திரையும் அப்படியே, சமீபத்தில் மருந்தின் அளவை மாற்றாமல் இருந்தால் போதும். இன்சுலின் போடுபவர்களுக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு, இந்தியாவிலும் பிரிட்டனிலும் இல்லை. தைராய்டு அளவு சீராக இருந்தால் தடையில்லை. எச்ஐவி வராமல் தடுக்கச் சாப்பிடுகிற மாத்திரையைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அது தொற்று இருந்தால்கூடப் பரிசோதனையில் தெரியாமல் தள்ளிப்போட்டுவிடும்.

படி 4: பெண்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை

கர்ப்பமாக இருக்கும்போது கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம், 6 மாதம், ஒரு வருடம் என்று நாட்டுக்கு நாடு மாறும், பால் கொடுக்கும் காலத்தையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். மாதவிடாய் நாட்களில் கொடுப்பதால் நோயாளிக்கு ஒரு கெடுதலும் இல்லை. உடம்பு அசதியாக இல்லாமல், ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் பல நாடுகளில் எடுத்துக்கொள்வார்கள், இந்தியா போன்ற சில இடங்களில் அந்த நாட்கள் கழியட்டும் என்பார்கள். குழந்தை பெற்ற சில பெண்களின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஏற்றிக்கொள்பவரின் நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதால் பல ரத்த வங்கிகள் பிளாஸ்மாவுக்கு ஆண்களின் ரத்தத்தையே பயன்படுத்துகின்றன. பெண்களின் சிவப்பணுக்கள் வழக்கம்போல நோயாளிகளுக்குப் போகும், அதில் எந்தக் குறையும் இல்லை.

படி 5: முதல் நாள் இரவும் அன்றைக்குக் காலையும்

நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மற்ற ரத்தப் பரிசோதனைக்குப் பட்டினி கிடப்பது போல இதற்கும் கிடக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. போவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எண்ணெய் குறைவாக ஒரு நல்ல சாப்பாடு. கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் பிளாஸ்மா பால் போலக் கலங்கிவிடும். ஊசி போடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது மயக்கத்தைக் குறைக்கும். முதல் முறை கொடுப்பவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். அடையாள அட்டை, மேலே ஏற்றிச் சுருட்டிவிடக்கூடிய கை உள்ள சட்டை. மது அருந்தியிருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

படி 6: படிவமும் தனி அறைப் பேச்சும்

முழு வழிகாட்டியிலும் முக்கியமான இடம் இதுதான். படிவத்தில் பால்வினை நோய், ஊசி வழியாகப் போதைப்பொருள், புதிய துணையோடு உடலுறவு, பணத்துக்காக உடலுறவு பற்றியெல்லாம் கேள்விகள் இருக்கும். "அதான் எல்லா ரத்தத்தையும் சோதிக்கிறீர்களே, அப்புறம் எதற்கு என்னைக் கேட்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி, அதற்குப் பதில் விண்டோ பீரியட்.

தொற்று உடம்புக்குள் வந்த நாளுக்கும் பரிசோதனையில் அது தெரிய ஆரம்பிக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. எச்ஐவியை எதிர்ப்பொருளை வைத்துத் தேடினால் சுமார் 3 வாரம், வைரஸின் மரபணுவையே தேடுகிற நேட் பரிசோதனையில் சுமார் 10 நாள். ஹெபடைடிஸ் பி-க்கு நேட் செய்தாலும் சில வாரங்கள் ஆகலாம். அந்த நாட்களில் கொடுத்த ரத்தம் எல்லாப் பரிசோதனையையும் தாண்டிவிடும், சுத்தம் என்றே முத்திரை விழும், ஆனால் வைரஸ் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்துக் கொடுத்தால் மூன்று பேருக்குப் போகும். எந்த இயந்திரமும் பிடிக்க முடியாத அந்த இடைவெளியை அடைக்கக்கூடிய ஒரே பரிசோதனை உங்கள் வாயிலிருந்து வரும் உண்மையான பதில்தான்.

அதனால், எனக்கு எச்ஐவி இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ரத்த தானத்துக்குப் போகவே போகாதீர்கள். அதற்கென்று ரகசியமாகப் பரிசோதனை செய்யும் மையங்கள் தனியாக இருக்கின்றன. பயம் இருக்கிற அந்தச் சில வாரங்கள்தான் பரிசோதனை ஏமாறும் வாரங்கள்.

இந்தக் கேள்விகள் ஒரு சாராரை, குறிப்பாக ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களை, குற்றவாளியாக்குகின்றன என்ற வருத்தம் நெடுங்காலம் இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. பிரிட்டனில் 2021 ஜூன் 14-இலிருந்தும், அமெரிக்காவில் 2023 மே மாத வழிகாட்டுதலுக்குப் பிறகும், யாரோடு என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒவ்வொருவரின் அபாயத்தைத் தனித்தனியாகப் பார்க்கும் முறை வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் இன்னும் வரவில்லை.

நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள் என்று கூட்டமாகப் போகும்போது "நான் இன்றைக்குக் கொடுக்க முடியாது" என்று எழுந்து நிற்பது கஷ்டம், எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் தனி அறை. அங்கே மெதுவாகச் சொன்னால் போதும், வெளியே வந்து ஹீமோகுளோபின் குறைவாம் என்று சொல்லிக்கொள்ளலாம். சில ரத்த வங்கிகளில், கொடுத்து முடித்த பிறகுகூட "என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்று காரணம் சொல்லாமல் தெரிவிக்க வழி வைத்திருப்பார்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு அவசரம் என்றால் அழுத்தம் இன்னும் அதிகம். சொந்த ரத்தம் என்றால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. நெருங்கிய ரத்த சொந்தத்தின் அணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் அபாயம் உண்டு, அப்போது உள்ளே போன வெள்ளை அணுக்கள் நோயாளியையே தாக்க ஆரம்பிக்கும். அரிதானது, வந்தால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சில் காட்டிவிட்டுக் கொடுப்பார்கள்.

படி 7: விரல் நுனி, ரத்த அழுத்தம், நாடி, கை

விரலில் ஒரு குத்து. சின்னக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள், அல்லது நீல நிறத் திரவம் உள்ள ஒரு கண்ணாடிக் குவளையில் ஒரு சொட்டை விடுவார்கள். அது காப்பர் சல்ஃபேட் கரைசல், அடர்த்தி 1.053. சொட்டு 15 விநாடிக்குள் அடியில் போய் உட்கார்ந்தால் ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்கிறது என்று அர்த்தம், மிதந்தாலோ பாதி வழியில் தயங்கி மேலே வந்தாலோ இல்லை. கருவியில் பார்த்தால் பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12, ஆண்களுக்கு 13 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை, இந்தியாவில் இருவருக்கும் 12.5. ரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிதுக்கினால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். கை ஜில்லென்று இருந்தால் முன்கூட்டியே தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம் பொதுவாக 100–140க்கு 60–90, நாடி 60 முதல் 100, காய்ச்சல் இருக்கக் கூடாது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தால் இரண்டும் எகிறும், பத்து நிமிடம் ஆறிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தினமும் ஓடுகிறவர்களுக்கு நாடி 60-க்குக் கீழே இருப்பது இயல்பு, அதையும் சொல்லிவிடுங்கள். கடைசியாக முழங்கையின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். தோலில் புண், கொப்புளம் இருந்தால் ஊசியோடு கிருமியும் உள்ளே போகும், ரத்தக் குழாய் சரியாகக் கிடைக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படி 8: நாற்காலியில்

தோலைக் கிருமிநாசினியால் அரை நிமிடம் தேய்த்து, அரை நிமிடம் காய விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தொடாதீர்கள். முதலில் வருகிற 30 மில்லி அளவு ரத்தத்தை ஒரு குட்டிப் பைக்குத் திருப்பிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஊசி துளைக்கும்போது பெயர்ந்து வரும் துளித் தோலும் அதில் ஒட்டிய பாக்டீரியாவும் பெரிய பைக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பரிசோதனைக்கான மாதிரியையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் 5 முதல் 10 நிமிடத்தில் பை நிறைந்துவிடும்.

கையில் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்று வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள், ஊசி உணர்வு நரம்பில் பட்டிருக்கலாம். தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி இறுக்கித் தளர்த்துவது மயக்கத்தைத் தடுக்க உதவும். மயக்கம் படுத்திருக்கும்போது வருவதைவிட எழுந்து நடக்கும்போதுதான் அதிகம் வரும். அதனால் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

படி 9: வீட்டுக்குப் போன பிறகு

அன்று முழுக்க அந்தக் கையால் கனமான எதையும் தூக்க வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். விமானம் ஓட்டுபவர்கள், ஆழ்கடலில் முங்குபவர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்பவர்கள், கனரக வண்டி ஓட்டுபவர்கள் குறைந்தது அன்றைய வேலையைத் தவிர்த்துவிட வேண்டும்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு கடமை இருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் உங்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று எது வந்தாலும், அல்லது சொல்ல மறந்த மாத்திரை ஞாபகம் வந்தாலும், ரத்த வங்கிக்கு போன் செய்யுங்கள். பையை நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்பே எடுத்து ஒதுக்கிவிட முடியும். சிவப்பணுப் பை 35 முதல் 42 நாள் வரை இருப்பில் இருக்கும், ஆகவே லேட்டாகிவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

படி 10: ஆய்வகத்தில்

ரத்த வகை, ஆர்எச் (பாசிட்டிவா நெகட்டிவா என்பது), அப்புறம் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ். இந்த நான்கு தொற்றையும் எல்லா நாடுகளும் எல்லாப் பைகளிலும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலேரியா போன்றவை இடத்தைப் பொறுத்து. இந்தச் சோதனைகள் எதையும் தப்பவிடக் கூடாது என்பதற்காகவே கூர்மையாக வைக்கப்பட்டவை, அதனால் நோய் இல்லாதவருக்கும் சில நேரம் இருப்பதாகக் காட்டும். உங்களைத் திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்தால், அது முடிவான தீர்ப்பு அல்ல, உறுதி செய்யும் பரிசோதனை பாக்கி இருக்கிறது. ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். போய்ப் பேசும்வரை வேறெங்கும் ரத்தம் கொடுக்கவும் வேண்டாம்.

"இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால்

மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன காரணம், இது தற்காலிகமா நிரந்தரமா, தற்காலிகம் என்றால் எந்தத் தேதிக்குப் பிறகு வரலாம். தேதி கிடைத்ததும் போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

பெண்களை அதிகமாகத் திருப்பி அனுப்புவது ஹீமோகுளோபின் குறைவுக்காகத்தான். அப்படி நடந்தால் அடுத்த முறை எப்படியாவது எண்ணை ஏற்றிக்கொண்டு போவது என்று இறங்காமல், ஒரு மருத்துவரிடம் காட்டிக் குறைவதற்கு என்ன காரணம் என்று பாருங்கள். அதிக மாதவிடாய்ப் போக்கு, குடலில் கசிவு, பூச்சி, தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறையின் லேசான வடிவம்) என்று பல இருக்கலாம். இதில் தலசீமியா கூறு மட்டும் இருந்து, ஹீமோகுளோபின் எல்லைக்கு மேலே இருக்கிறவர்கள் பல நாடுகளில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆண்களுக்குக் காரணம் தெரியாமல் குறைந்தால் அதை இன்னும் சீக்கிரமாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மாதவிடாய் என்ற எளிய விளக்கம் அங்கே இல்லை. இரும்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், டீ காபியோடு சேர்க்காமல் சாப்பிடுங்கள், அவை இரும்பை உறிஞ்ச விடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி புளிப்புப் பழம் கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்றாலும் உடம்பின் இரும்பு இருப்பு நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை, தானத்தின்போது வழக்கமாக அதைப் பார்ப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கொடுக்கிறவர்கள், அதிலும் இளம் பெண்கள், வேறு எதற்காவது ரத்தப் பரிசோதனை செய்யும்போது ஃபெரிட்டினையும் சேர்த்து எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அது குறைவாக வந்தால் விரல் நுனியில் எவ்வளவு காட்டினாலும் அடுத்த தானத்தைத் தள்ளிப்போடுங்கள்.